புளி போட்டுத் தேய்த்த தோட்டாக் கூடு

ஸ்டுட்கார்ட், 14.3.1971

அன்புள்ள அம்பிகாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்றதா?

வீட்டுக்காரர் கெல்லர் துப்பாக்கி கிளப்பில் இருக்கிறார். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவார். கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை. பயப்படாதே, நான் சுடுவதில்லை.

கரி படிந்து ஒன்றும் தெரியவில்லை. நீ குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன்.

"என்ன, சமையலா?" என்று சிரித்தார். அவர் நல்லது என்று சொன்ன கூட்டிலேயே மயிரிழைபோல ஒரு விரிசல்! சுட்டிருந்தால் கையில் வெடித்திருக்கும். மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிச்சத்தையும் தேய்" என்றார்.

ரசத்துக்கென்று பொத்திவைத்திருந்த புளி அதோடு தீர்ந்தது. தபாலில் அனுப்ப வேண்டாம். ஜூனில் வரும்போது கையோடு கொண்டுவா. கெல்லருக்குக் கொஞ்சம், நமக்கு நிறைய.

பஸ் வந்துவிட்டது.

உன்
சந்திரமௌலி