நிற்க என்று படித்தேன், தோழி நின்றாள்

அன்பு நண்பருக்கு,

இன்று காலை செங்கோட்டையிலிருக்கும் என் தங்கைக்கு ஒரு மடல் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போதே வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. "திருவருளால் இங்கு அனைவரும் நலம். அவ்விடத்து நலமறிய ஆவல். நிற்க" என்று படித்தேன். அடுக்களையிலிருந்து மகள் குழலியின் பின்னால் வந்துகொண்டிருந்த தோழி, கூடத்தின் நடுவே ஒரு முன்காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். வால்கூட அசையவில்லை.

"அப்பா, தோழி நிற்கிறாள். கட்டளையிட்டவர் தாங்கள். விடுவிக்க வேண்டியவரும் தாங்களே" என்றாள் என் மகள்.

"செல்க" என்றேன். தூக்கிய கால் தரையைத் தொட்டது. அந்தக் கணத்தில் உங்கள் சிரிப்பு என் காதில் கேட்டது. நீங்கள் மறைந்தபின் வரும் இரண்டாவது சாரல் காலம் இது. தங்கையின் மடலை முடித்து உறையிலிட்டுவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குற்றாலத்து அம்மையின் திருநாமத்தையே மகளுக்கு இட்டேன், குழல்வாய்மொழி என்று. ஏழு வயது வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன நாளில் அவள் பெயரை முழுதாக உச்சரிக்க எனக்கு நா எழவில்லை. குழலி என்று குறுக்கிக்கொண்டேன். பின்னர் பேச்சு வந்தபோது, நான் பூசையறையில் ஓதும் தமிழாகவே வந்தது. வீட்டில் நாங்களெல்லாம் "பசிக்குது" என்போம். அவள் "பசிக்கின்றது" என்பாள். ஆனால் வளர்ந்து இருபத்திரண்டு வயதான பின்னும் தெருவில் இறங்க அவளுக்கு என் கை வேண்டியிருந்தது. பேருந்தின் ஒலிப்பானோ ஒரு வெடிச் சத்தமோ போதும், எத்திசை என்று பாராமல் ஓடிவிடுவாள். ஒருமுறை இலஞ்சிச் சாலையில் ஒரு லாரி அவளுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அன்றிலிருந்து என் வழிபாட்டில் ஒரே கேள்விதான். என் கை உள்ளவரை இவளுக்குத் தெரு உண்டு, அதன்பின்?

அப்போதுதான் நீங்கள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தீர்கள். காவல்துறையில் முப்பது ஆண்டுகள் மோப்ப நாய்களைப் பழக்கி ஓய்வுபெற்றவர். உங்களுடன் வந்த பொன்னிற லாப்ரடார்க் குட்டி, எங்கள் வாசலில் நின்ற குழலியின் பாதத்தின்மேல் தன் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. எவர் தொட்டாலும் உதறிவிடும் என் மகள் அசையாமல் நின்றாள். "பாரமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது" என்றாள்.

"அண்ணாச்சி, இவள நம்ம பிள்ளைக்குன்னே பழக்கித் தாரேன்" என்றீர்கள். பூசை நடக்கும் வீட்டில் நாய் வாசற்படி தாண்டலாகாது என்று நான் மறுத்தேன். நீங்கள் விடவில்லை.

"விடியுமுன்ன எந்திரிச்சு, 'நாயேன் நாயேன்'னு தெருவுக்கே கேக்கும்படி உருகுதீய. நெசமாவே ஒரு நாய் வந்து நின்னா விரட்டுதீய. சாமி எதைய்யா நம்பும்?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பில் என் வாதம் முடிந்துபோனது.

பெயரைக் குழலியே இட்டாள். பழம்பாடல்களில் தலைவியின் அருகில் எப்போதும் இருப்பவள் தோழி. ஆகவே இவளும் தோழி. அடுத்து வந்தது கட்டளைச் சிக்கல். நீங்கள் சிட், ஸ்டே என்று தொடங்கினீர்கள். "இவை தமிழ் அல்ல" என்று குழலி வாய்திறக்க மறுத்துவிட்டாள். அவள் சொல்லாத சொல்லால் அவளுக்கு என்ன பயன்? அன்று மாலை மூவரும் அமர்ந்து அமர்க, நிற்க, செல்க, சாய்க என்று நான்கு சொற்களை வகுத்தோம். குழலியின் விரல்கள் பதறத் தொடங்கும்போதே தோழி மூக்கால் கையைத் தொட்டு எச்சரிப்பாள். "சாய்க" என்றால் தன் பாரம் முழுவதையும் அவள் மடிமேல் சாய்ப்பாள். அந்தப் பாரத்தின்கீழ் மகளின் மூச்சு சீராவதைக் கண்டு நான் வியக்காத நாளில்லை.

சொற்கள் எல்லாருக்கும் படிந்தன, உங்களுக்குத் தவிர. நீங்கள் "நிக்க" என்பீர்கள். "நிக்க அன்று, நிற்க" என்று குழலி திருத்துவாள். தோழியும் அவள் பக்கம். நீங்கள் சொன்னால் நடந்துகொண்டே இருப்பாள்.

"முப்பது வருசம் திருடனப் புடிச்சேன் அண்ணாச்சி, இந்த றகரத்தப் புடிக்க முடியலியே!"

ஓராண்டு கழிந்தது. ஆடிச் சாரலில் கூட்டம் குறைந்த ஒரு காலைப்பொழுது பார்த்துக் குற்றாலம் சென்றோம். பேரருவியருகே நான் தோழியின் கழுத்து வாரை இறுகப் பிடித்திருந்தேன். "கயித்த நீங்க புடிச்சா அது உங்க நாய். பிள்ள புடிச்சாத்தான் அவ நாய். விடுங்க" என்றீர்கள். விட்டேன். வாரைக் குழலி வாங்கிக்கொண்டாள். என் கை வெறுமையாக இருந்தது. முகத்தில் சாரல் பட்டதும் குழலி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன்.

நீர் பெருகுவதறிந்து எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஈரத் துணியோடு மக்கள் சிதறி ஓடினார்கள். குழலியும் ஓடினாள், கடைத்தெரு தாண்டிப் பேருந்துகள் திரும்பும் சாலையை நோக்கி. தோழி உடன் இழுபட்டு ஓடினாள்.

"ஏட்டி நில்லு! ஏலே, அவளப் புடிலே!" என்று அலறினேன். வாழ்நாளெல்லாம் ஓதிய செந்தமிழ் வேண்டிய நேரத்தில் என்னைக் கைவிட்டது. தோழியின் காதுகூடத் திரும்பவில்லை. என் பின்னால் நீங்கள் "நிக்க! நிக்க!" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். அதுவும் வீண்.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் தெளிவாக எழுந்தது.

"நிற்க."

தோழி நான்கு கால்களையும் தரையில் ஊன்றினாள். வார் விறைத்தது. குழலி நின்றாள். அவளுக்கு முன்னால் பேருந்து ஒன்று திரும்பிச் சென்றது.

நாம் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, நேந்திரங்காய் சிப்ஸ் கடைப் படியில் அவள் அமர்ந்திருந்தாள்; மடியில் தோழி சாய்ந்திருந்தாள். நம்மை ஏறிட்டுப் பார்த்து, "தாங்கள் இருவரும் பிழையாகக் கூறினீர்கள்" என்றாள். நீங்கள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தீர்கள். "பாத்தியளா அண்ணாச்சி, ரெண்டு பேரையும் ஃபெயிலாக்கிட்டா!" நானும் சிரித்தேன். எனக்கு வந்த கண்ணீர் சிரிப்பினால் மட்டும் வந்ததன்று. அது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் இறுதி ஊர்வலத்தின்போது பறையும் சங்கும் முழங்க, குழலி உங்கள் வீட்டு வாசலில் கடைசிவரை நின்றாள். அவள் பாதத்தின்மேல் தோழியின் மோவாய் இருந்தது.

இப்போது நான் ஓதும் நேரத்தில் தோழி பூசையறை வாசலில் படுத்திருக்கிறாள். "நாயேன்" என்னும் சொல் வரும் இடத்தில் என் குரல் சற்றே தணிகிறது. அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவனா என்று அவளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியபோது தோழியோடு குழலி வந்து நின்றாள். கையில் தங்கைக்கு எழுதிய மடல். "அப்பா, அத்தைக்குரிய மடலை அஞ்சலகத்தில் சேர்த்து வருகிறேன்." அஞ்சலகம் சாலைக்கு அப்பால் இருக்கிறது. பழக்கத்தால் நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அமர்க" என்றாள்.

தோழி அமர்ந்தாள். நானும் அமர்ந்தேன்.

சற்றுப் பொறுத்து, "செல்க" என்னும் சொல் தோழிக்கு மட்டும் கிடைத்தது. வாசற்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. நண்பரே, அவளைப் பிடித்திருந்த கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அமர்ந்தே இருக்கிறேன்.