புத்தாண்டு அட்டைப் பட்டியலில் என் முகவரி

அம்மா,

உன் முட்டி வலி குறைந்ததா? அகிதாவில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

ஒசாகாவில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையிலிருந்து நேற்று ஹிரானுமா என்ற முன்னாள் ரயில் ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். புத்தாண்டு அட்டைகளில் முகவரி அச்சிட அவர் ஒரு பழைய மென்பொருள் வைத்திருக்கிறார். அதற்கு அப்டேட் வருவது நின்று பல வருடமாகிறது. இணையத் திருடன் கம்ப்யூட்டருக்குள் நுழைய அது போதும்; நீக்கியாக வேண்டும்.

"ஐகானைத்தான் குப்பைத்தொட்டியில போட்டுட்டேனேம்மா!"

"வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டிட்டா வீடு காலியாயிடுமா ஐயா?" என்றேன். சிரித்துவிட்டார்.

முகவரிப் பட்டியலைத் தனியாகச் சேமித்து, திறக்கிறதா என்று பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் இறந்துவிட்டார்களாம்.

"அவங்களை எடுத்துடட்டுமா?"

"வேணாம்மா. எடுத்துட்டா, என்கூட ரயில் ஓட்டினவங்கள்ல நான் மட்டும்தான் நிப்பேன்."

அதன்பிறகுதான் மென்பொருளை முழுதாக நீக்கினேன்.

நம் வீட்டிலும் அதே மென்பொருள்தான். நீயாக நீக்காதே. இணையத்தைத் துண்டித்துவிட்டு, பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வை. மீதியை ஃபோனில் சொல்கிறேன். என் கம்பளிக் காலுறைகளையும் அனுப்பு.

உன் பட்டியலில் என் பெயருக்கு நேரே இன்னும் கல்லூரி விடுதிதான் இருக்கும். படிப்பை விட்டதற்கு நீ திட்டிய கோபத்தில் புது முகவரியை நான்தான் தரவில்லை. இந்த உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், மாற்றிவிடு.

கடைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். ஜனவரி முதல் தேதி உன் அட்டை வரும்போது நான் இங்கே வீட்டில்தான் இருப்பேன்.

சிஹாரு