லியோன் ஓட்டலில் என் பாஸ்போர்ட்

14 நவம்பர் 2006

காலையில் எழுந்ததும் முதலில் கஃபீலின், அதாவது எனக்கு விசா கொடுத்த குவைத் முதலாளியின், அம்மாவுக்கு இன்சுலின் போட்டேன். அவர்களுக்கு இங்கே பிரான்சில் வைத்தியம் முடிந்துவிட்டது. நாளை குவைத் திரும்புகிறோம். குடும்பம் நகரத்தில் பெரிய ஓட்டலில் இருக்கிறது. நர்ஸான எனக்கு மட்டும் இன்றிரவு விமான நிலையத்தின் பக்கத்தில் இந்த மலிவான அறை. ஜன்னலைத் திறக்க முடியாது.

சாயங்காலம் கஃபீல்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். ஆறு வருடமாகக் குவைத்தில், ஃபஹாஹீல் வீட்டில் அவர் அலமாரியில் பூட்டிக் கிடப்பது அது. அவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள். நான் வாங்கிய கையோடு அவரிடம் நீட்டினேன்.

"அது உங்களுடையதுதானே, மேடம்?" என்று சிரித்தாள்.

அவர் முகம் சுருங்கியது. "இன்றைக்கு நீயே வை, சிஸ்டர். குவைத் போனதும் கொடு. கலாஸ், பேச்சு முடிந்தது."

ஊரில் என் மகள் கல்யாணத்துக்கு லீவு என்ன ஆயிற்று என்று மறுபடியும் கேட்டேன்.

"அம்மாவை யார் பார்ப்பது? வீடியோ எடுப்பார்கள் இல்லையா, அனுப்பச் சொல்."

பாஸ்போர்ட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்து உடைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் கிழவி பாவம். நான் புரட்டிப் படுக்க வைத்தால்தான் தூங்குவாள், இன்றிரவு என்ன செய்கிறாளோ. அவரைக் கேட்காமல் ஊருக்குப் போனால் இந்த வேலைக்குத் திரும்ப வரமுடியாது, அதுவும் தெரியும்.

குவைத்தில் இறங்கியதும் இதைக் கொடுக்கமாட்டேன். அந்த விமான நிலையத்திலிருந்தே ஊருக்குப் போக, திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுப்பேன். மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.