சரிவில் இறங்கிய சக்கர மேசை

ஆர்விட்,

ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்ததும் முதலில் இதைப் படி. யாருக்கும் அடியில்லை. உன் இழைப்பு மெஷினும் பிழைத்துவிட்டது.

காலையில் காரேஜ் கதவைத் திறந்தேன். நேற்று நீ கட்டி முடித்த சக்கர மேசை, அத்தனை கருவிகளையும் சுமந்துகொண்டு தரைச் சரிவில் தானே கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு டெல்மர் நம் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். "டெல்மர், தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். அவர் விலகினார். மேசை அவர் குவித்த பனியில் புதைந்து நின்றது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"பிரேக் இருக்கிற ரெண்டு சக்கரத்தையும் சுவர்ப் பக்கமா மாட்டியிருக்கான். காலு எப்படி எட்டும்?" என்று சிரிக்கிறார் மனுஷன்.

இருவருமாகத் தள்ளி காரேஜ் மூலையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறோம். சக்கரத்தை மாற்றும்வரை கட்டையை எடுக்காதே. அடுப்பில் கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் இருக்கிறது, டெல்மருக்குப் பாதி கொடு.

அவர் மனைவியோடு அவர்கள் காரில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன். என் காரை வெளியே எடுக்க மனசு வரவில்லை; உன் கருவிகள் அடைத்திருந்த இடத்தில், காரேஜுக்குள் நிற்கிறது. மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு!

மார்லிஸ்

பி.கு: "இது இருக்கிற இடத்த விட்டு ஒரு அடி நகராது" என்று நேற்று உன் மேசையைப் பார்த்துக் கத்தினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.