கறிக்கடை ஜன்னலில் ஒரு படம்

பால்டுரி, ஸ்காட்லாந்து
14 ஏப்ரல் 1958

என் செல்ல மகள் எல்ஸ்பெத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மா என்னைத் திட்டுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கிறது, அதனால் அவள் கூடுதல் சுகம் என்றே வைத்துக்கொள். லங்காஷயர் கடற்கரையில் பயிற்சி எப்படிப் போகிறது? காற்றுக்குக் கழுத்தை மூடிக்கொள்கிறாயா?

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் சேர்த்து எட்டே எட்டுப் பெண்கள். அதில் ஒருத்தி கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டுகிற ஆர்ச்சி கெடியின் மகள். அமெரிக்காக்காரிகளோடு மோதிக் கோப்பையைத் தூக்கி வரப்போகிறவள். இதை நான் நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறேனாம், அம்மா எண்ணியிருக்கிறாள். நேற்று பதினோராம் குழிப் பக்கம் மேய்ந்த ஒரு ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதியிலேயே நகர்ந்து போய்விட்டது.

வாட்டி பெர்னியின் கறிக்கடை ஜன்னலில் உன் படம் இன்னும் ஜோராக இருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறு, கடை பூட்டியிருந்தபோது, ஆள் இல்லாத தெருவில் நாம் இரண்டு பேரும் நின்று பார்த்து என்னமாய்ச் சிரித்தோம்! சாஸேஜ் மாலைக்கு நடுவில் நீ மட்டையோடு நிற்கிறாய், கீழே வாட்டி கொட்டை எழுத்தில், 'கோப்பைக்குப் போகும் எல்ஸ்பெத் கெடி வளர்ந்தது எங்கள் கடைக் கறியில்.' படத்துக்கு ஈடாகச் சொன்ன சொல் தவறாமல், சனிக்கிழமைதோறும் மாவில் கறி மடித்துச் சுட்ட ஆறு பிரைடி சுடச்சுட வீட்டுக்கு வருகிறது. நீ அன்றைக்கு மூன்றை விழுங்கினாயே, அதே சரக்குதான். மேல் மாவிலும் கறியிலும் ஒரு குறை இல்லை. பெண்ணைப் பெற்றதற்குப் பலன் வயிற்றிலேயே தெரிகிறது.

நன்றாகச் சாப்பிடு, நன்றாக அடி.

உன் அப்பா,
ஆர்ச்சி

◆

லங்காஷயர்
21 ஏப்ரல் 1958

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து பெர்னி கடைக்கு ஓடுங்கள். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரைடியை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்று எங்கள் கேப்டன் மிஸ் டெல்வின் எட்டுப் பேரையும் உட்கார வைத்து அமெச்சூர் விதிகளை வரி வரியாக வாசித்தார். நாங்கள் பணத்துக்கு ஆடாதவர்கள். எங்கள் பெயரையோ படத்தையோ எந்தச் சரக்கையும் விற்க வைக்கக் கூடாது. அதற்காக நாங்களோ எங்கள் வீட்டாரோ எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. வாங்கினால் அணியில் இடம் போகும். அதோடு நிற்காது, இனி எந்த அமெச்சூர் போட்டியிலும் ஆட முடியாது. ஈஸ்டருக்கு நான் தின்றதும் அதில் சேரும்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது அப்பா. எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் ஓடுங்கள்.

உங்கள் மகள்,
எல்ஸ்பெத்

◆

பால்டுரி
26 ஏப்ரல் 1958

என் கண்ணு எல்ஸ்பெத்,

ஓடினேன். வீட்டுச் செருப்போடு ஓடினேன். "என்னடா ஆர்ச்சி, வீடு பத்திக்கிச்சா?" என்றான் வாட்டி. ஜன்னலுக்குள் நானே ஏறிப் படத்தைக் கிழித்தேன். சாஸேஜ் மாலை என் தலையில் விழுந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதைப்பற்றி ஒன்றுமில்லை, என்னைப் பார்த்துச் சிரிப்பது இந்த ஊருக்குப் பழக்கம்தான்.

ஆனால் தாமதமாகிவிட்டது. முந்தின வாரமே தெரிவுக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் நம் கிளப்புக்கு வந்திருக்கிறாள். பன்றிக்கறி வாங்கப் போனவள் உன்னையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வியாழக்கிழமை கிளப் செயலாளர் மேஜர் ஸ்ட்ரான் கருவிக் கொட்டகைக்கே வந்தார். நான் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

"கெடி, அந்தக் கறிக்கடைக் கூத்து உன் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பார்த்ததே இல்லியா?"

"சத்தியமா இல்ல சார். எல்லாம் இந்த மடையன் பண்ணின வேலை."

"எழுதித் தர்றியா?"

"இப்பவே தர்றேன்."

"யோசிச்சு எழுது. நாளைக்கு இது பொய்ன்னு ஆச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது. கிளப் குடுத்த வீடும் கிடையாது. இந்த விளையாட்டுல மத்ததெல்லாம் பொறுத்துக்குவோம், இத மட்டும் பொறுக்க மாட்டோம்."

யோசிக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது, கை பின்னாலேயே போயிற்று.

இனி உனக்கு ஒரு தாள் வரும். 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று ஒரே வரி. அதில் நீ கையெழுத்துப் போட்டால் போதும், உன்னை மன்னித்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றார் மேஜர். ஈஸ்டர் ஞாயிறு நம்மை யாரும் பார்க்கவில்லை. நீ, நான், சாஸேஜ். அது சாட்சி சொல்லாது.

போட்டுவிடு கண்ணு.

அப்பா

◆

லங்காஷயர்
1 மே 1958

அன்புள்ள அப்பாவுக்கு,

தாள் வந்துவிட்டது. பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நான் பார்த்தேன் அப்பா. சிரித்தேன். சாப்பிட்டேன். எப்படிப் போடுவது?

கோப்பையின் முதல் நாள் ஆட்டத்தில் எனக்கு ஜோடி நோரீன், அயர்லாந்தில் கார்க் ஊர்ப் பக்கத்துப் பெண். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. நான் அடித்து எங்கே போடுகிறேனோ அங்கிருந்து அவள் அடிக்க வேண்டும். நேற்றுப் பயிற்சியில் என் பந்து மணல் பள்ளத்துக்குள் புதைந்தது. அவள் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் இறங்கி அடித்து வெளியே எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "ஏய், நீ எங்க போட்டாலும் அது என் பந்துதான்டி" என்றாள். அப்பா, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அதுவும் அவள் பந்துதான். அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கப்பல் பதினாறாம் தேதி. தாள் கேட்டு மிஸ் டெல்வின் இரண்டு முறை கதவு தட்டிவிட்டார்.

எல்ஸ்பெத்

◆

பால்டுரி
4 மே 1958

என் மகளே, என் தங்கமே,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதில் எழுத்துப்பிழை இருந்தால் வாத்தியாரைக் குறை சொல்லாதே, கொட்டகை இருட்டில் எழுதுகிறேன்.

நீ போட மாட்டாய் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இந்த மனுஷன் ஆறு பிரைடிக்கு என் பொண்ண வித்துட்டான்" என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாகத் திட்டவில்லை. அவள் திட்டாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியவில்லை. போய்க் கொட்டகையில் உட்கார்கிறேன்.

நீ ஏழு வயதில் என் மட்டையை வெட்டிக் குட்டையாக்கித் தரச் சொல்லிக் கேட்டாய். பத்து வயதில் மழையில் நின்று அடித்தாய். கிளப் பெண்கள் உன்னைப் புல்வெட்டி மகள் என்று வாசலில் நிறுத்தினார்கள், நீ வெளியே நின்றே காத்திருந்து, உள்ளே போய் அவர்களையே ஜெயித்துவிட்டு வந்தாய். அதையெல்லாம் கறி மடித்த மாவுக்காக நான் தொலைக்க வேண்டுமா? வேலை போகட்டும், வீடு போகட்டும், என் தம்பி வீட்டு மாட்டுத் தொழுவத்தில் படுத்துக்கொள்கிறேன், மாடு சம்மதித்தால். ஆனால் நீ மறுபடி மட்டை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதை நான்தானே செய்தேன் என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருப்பேன்?

ஒரு கையெழுத்து. பாவம் என்றால் அது என் தலையில். நான் சர்ச்சுக்கே ஒழுங்காகப் போகாதவன், என் கணக்கில் இன்னொன்று ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது? உன் காலில் விழுகிறேன் எல்ஸ்பெத். அப்பன் மகள் காலில் விழக்கூடாது என்பார்கள். இந்தக் கடிதத்தில் விழுகிறேன், யாரும் பார்க்கவில்லை.

போட்டுவிடு. போட்டுவிடு. போட்டுவிடு.

அப்பா

◆

லங்காஷயர்
12 மே 1958

அப்பா,

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்து இல்லாமல். மிஸ் டெல்வினிடம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் தாளை இரண்டாக மடித்தார். "சொல்லாம இருந்திருக்கலாமேம்மா" என்றார். பிறகு, "இல்ல, முடியாதுதான்" என்றார். என் இடத்துக்கு டெவனிலிருந்து ஒரு பெண் வருகிறாள். என் அணிக் கோட்டு தோளில் அவளுக்குத் தளர்வாக இருக்கும், நானே பின் குத்திக் கொடுக்கிறேன்.

நோரீன் அழுதாள். நான் ஏன் விலகினேன் என்று தெரிந்து, என் முகத்தைப் பார்த்து அழுதாள். அதற்காகத்தான் சொன்னேன்.

உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பஸ்ஸில் போகும்போது நான் மட்டும் அந்த ஜன்னலைப் பார்த்ததாகச் சொன்னேன். உங்களிடம் சொல்லவே இல்லை, நான் பார்த்தது உங்களுக்கு இன்றுவரை தெரியாது என்று சொன்னேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இடத்துக்காக என்னால் போட முடியவில்லை. உங்களுக்காகப் போட முடிந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, கேட்காதீர்கள்.

இங்கே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை இருக்கிறது. சேர்ந்துவிடுவேன். இப்போதைக்கு ஊருக்கு வர மாட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஸ்பெத்

◆

பால்டுரி
20 மே 1958

என் அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு,

கப்பல் போய்விட்டது என்று பேப்பரில் பார்த்தேன். எட்டுப் பெண்கள் கைக்குட்டை ஆட்டுகிறார்கள். எட்டையும் மூன்று முறை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் எட்டு வந்தது, நீ வரவில்லை.

நேற்று மேஜர் கொட்டகைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். "உங்க மேல சந்தேகப்பட்டது தப்பு. பொண்ணு உங்ககிட்டயும் மறைச்சிருக்கா. நீங்க தெரிஞ்சத நேர்மையா எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கவிட்டேன் கண்ணு. என் கையெல்லாம் எண்ணெய். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அவர் போன பிறகு மூன்று முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். மணியில் விரல் வைத்தேன். உள்ளே போய் உண்மையைச் சொன்னால் நான் பொய்யன் ஆவேன். அது பழகிப்போன உத்தியோகம்தான். ஆனால் நீயும் பொய் எழுதினாய் என்று ஆகிவிடும். நீ எல்லாவற்றையும் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அதையும் நான் போய் உடைக்கவா? திரும்பி வந்தேன். சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. இதைவிட நன்றாக என்னை அடைத்துப்போட யாராலும் முடியாது. நீ அப்படி நினைத்துச் செய்யவில்லை, எனக்குத் தெரியும்.

அம்மா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். "உனக்கு ஒரு கடுதாசி வருதான்னு பாரு" என்கிறாள். அவ்வளவுதான் பேசுகிறாள்.

திட்டியாவது ஒரு வரி எழுது. இருபத்தாறு வருஷமாக இந்தக் கிளப்பில் நான் வெறும் 'கெடி'. நேற்று போகும்போது மேஜர் என்னை 'மிஸ்டர் கெடி' என்று கூப்பிட்டார். இனி எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நீயாவது அப்பா என்று போடு, போட வேண்டும் என்று தோன்றினால்.

ஆர்ச்சி