உள்ளே விட்ட துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நலமா? நான் நலம். கண்தான் மோசம், ஊசியில் நூல் கோக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போனில் உன் குரல் கேட்டதும் என் வாய் தானாகவே "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதி, அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரில் ஆரம்பித்து ரத்தத்தில் பரவிய கிருமி செத்துவிட்டதாம். ஆனால் குடியிருக்க வந்தவன் வீட்டை இடித்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை, கைகால் அசையவில்லை, மூச்சும் மிஷின் விடுவதுதான். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருப்பதால் பேச்சும் இல்லை.

முன்பக்கம் திறக்கிற அங்கி இருந்தால் வசதி என்று நர்சம்மா சொன்னார். தையல்காரனுக்கு இது போதாதா? கண்ணாலேயே அளவெடுத்துத் தைத்துவிட்டேன். கொண்டுபோய்ப் போட்டால், தோள் முழங்கையில் தொங்குகிறது! முன்பு உடம்பெல்லாம் நீர் கோத்து ஊதியிருந்ததைச் சதை என்று நினைத்த மேதை உன் அப்பன். "என்னங்கய்யா, உங்களுக்கும் சேத்துத் தச்சுட்டீங்களா?" என்றார் நர்சம்மா. உன் அம்மாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புத்தான். என்னைக் கேலி செய்ய அவளுக்குக் குரல் எதற்கு?

அதற்குப் பிறகு இன்னொரு கிருமி வந்தது. அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை. அங்கியைத் துவைக்க எடுத்து வரும்போதெல்லாம் ஓரத்தை உள்ளே பிடித்துத் தைக்கிறேன். அப்படி உருகிக்கொண்டிருக்கிறாள்.

இன்று டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். மிஷினை ஓட்டிக்கொண்டே போகலாம், ஆனால் உடம்பு மீண்டு வராது என்கிறார். எதுவரைக்கும் வைத்தியம் செய்யட்டும், பேச முடிஞ்சா அவங்க என்ன சொல்லியிருப்பாங்க என்று கேட்டார். "எம் பொண்ணு வரட்டும்மா" என்றேன். உன் அம்மாவைக் கேட்காமல் நான் ஒரு பட்டன்கூட வாங்கியதில்லை. இந்தப் பதிலை மட்டும் தனியாக எப்படிச் சொல்வேன்?

லீவு தரமாட்டார்கள் என்றாய். மறுபடி கேட்டுப் பார். உன் கை பட்டால் அவளுக்குத் தெரியும்.

அங்கியில் பிடித்த துணியை நான் வெட்டவில்லை, கண்ணு. உள்ளே அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அவள் கொஞ்சம் சதை பிடித்தால் பிரித்துவிட ஒரு நொடி போதும். அங்கியை நான் மறுபடி பிடிப்பதற்குள் வந்துவிடம்மா. பத்திரமாக வா. நீ நன்றாயிருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பா