பச்சைக் கதவு

தம்பிக்கு,

பக்கத்து அறையில் இருக்கிற உனக்குக் கடிதம் எழுதுகிறேன், சிரிக்காதே. நேரில் கேட்டால் வழக்கம்போல மழுப்பிவிடுவாய்.

அப்பா வாழ்நாள் முழுக்க பேக்கரி அடுப்பின் முன்னால் வெந்தவர். "செத்த பிறகாவது என்னை நெருப்புல தள்ளாதீங்க, மண்ணுல போடுங்க" என்று நம் இருவரிடமும்தான் சொன்னார். இப்போது நீ, "கடைசி வாரம் மனசு மாறிட்டாருக்கா, எரிக்கச் சொன்னாரு, இன்னைக்கே முடிச்சிரலாம்" என்கிறாய். அந்த வாரம் நான் போன் செய்தபோதெல்லாம் அவர் தூங்குவதாகச் சொன்னதும் நீதான்.

அவர் அறைக் கதவில் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டேன். "எழுந்து நடந்து விழுந்துடுவாருக்கா, அதான்" என்றாய். செய்தி கேட்டு ஓடி வந்த நானும் அதை நீக்கித்தான் உள்ளே போனேன். இறந்தவர் எங்கேடா எழுந்து நடக்கப்போகிறார்?

குளிப்பாட்டும்போது அவர் நக இடுக்கில் பச்சைப் பெயின்ட் இருந்தது. அந்தக் கதவும் பச்சை.

நான் மூத்தவள். புதைக்கத்தான் சொல்லியிருக்கிறேன். முதல் பிடி மண்ணை நீயே வந்து போடு.

உடம்பு முழுக்கக் கழுவிவிட்டேன். விரல்களை மட்டும் கழுவவில்லை.

அக்கா